பெட்டி இளைத்தது, பேஸ் எங்கே போனது?

கேள்வி: பல வருடங்களாக ஒரு இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். நான்கு கம்பி. வயது ஐம்பதை நெருங்குகிறது. என்னிடம் இருந்தது பழைய டிரான்சிஸ்டர் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்), 15 அங்குல ஸ்பீக்கர் போட்ட 4 ஓம் கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி). இரண்டும் சேர்ந்து 60 கிலோவுக்குக் குறையாது. மாடிப்படிகளில் ஏற்றி இறக்கி முதுகு போய்விட்டது. இனி பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் 2 கிலோ எடையுள்ள 500 வாட் கிளாஸ் டி ஹெட் ஒன்றும், ஒற்றை 12 அங்குல நியோடிமியம் ஸ்பீக்கர் உள்ள 8 ஓம் கேபினட் ஒன்றும் வாங்கினேன். வீட்டில் கேட்டபோது பிரமாதமாக இருந்தது. மேடையிலோ, ட்ரம்மர் "பேஸே கேட்கலையே" என்கிறார். பேஸ் குமிழைக் கூட்டினால் ஸ்பீக்கர் 'புர்ர்' என்கிறது, ஹெட்டில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. கிளாஸ் டி-யில் சத்தே இருக்காது, பழையதற்கே திரும்பிப் போ என்கிறார்கள் நண்பர்கள். 800 வாட் ஹெட் வாங்கட்டுமா? பழைய 15 அங்குல கேபினட்டையும் புதியதோடு சேர்த்து மாட்டலாமா? இல்லை, பழையதை விற்றுவிடவா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, 800 வாட் ஹெட் வாங்க வேண்டாம். இப்போது வைத்திருக்கும் ஹெட்டே போதும். இன்னொரு கேபினட் வாங்குங்கள், அதே மாடல், அதே 8 ஓம். மேடையிலும் ஆம்ப் பழுதுபார்க்கும் மேசையிலும் இந்தப் புகாரை அடிக்கடி கேட்கிறேன். பத்தில் ஒன்பது பேர் ஹெட்டைத்தான் திட்டுகிறார்கள். குறை பெரும்பாலும் கீழே இருக்கும் பெட்டியில் இருக்கிறது.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். அடுத்த ஒத்திகையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். புதிய ஹெட்டைப் பழைய 15 அங்குல கேபினட்டில் மாட்டுங்கள். 4 ஓம்தானே, அந்த ஹெட் தாங்கும். எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து, ட்ரம்மரோடு ஒரு பாட்டு வாசியுங்கள். அப்புறம் பழைய ஹெட்டைப் புதிய 12 அங்குலத்தில் மாட்டி அதே பாட்டு. முதல் முறை பழைய சத்தம் திரும்பி வந்து, இரண்டாம் முறை மறுபடி 'புர்ர்' என்றால் ஹெட் நிரபராதி. நண்பர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள், வாக்குவாதம் அன்றோடு முடியும்.

எடை எங்கிருந்து குறைந்தது என்று தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். பழைய ஹெட்டின் எடையில் பெரும் பங்கு மின்மாற்றியுடையது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் வேலை செய்ய அதற்கு அவ்வளவு இரும்பு தேவை. புதிய ஹெட்டில் உள்ள ஸ்விட்ச் மோடு சப்ளை, அதே மின்சாரத்தை முதலில் பல்லாயிரம் ஹெர்ட்ஸுக்கு ஏற்றிக்கொள்கிறது. அந்த வேகத்தில் உள்ளங்கையில் அடங்கும் மின்மாற்றியே போதுமானது. இன்னொரு பங்கு, வெப்பம் வெளியேற்றும் அலுமினியப் பட்டைகள். கிளாஸ் டி-யில் டிரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறந்திருக்கும் அல்லது முழுதாக மூடியிருக்கும். இடைநிலையில் நின்று சூடேறுவதில்லை. 90 சதவீதத்துக்கு மேல் திறன் கிடைக்கிறது, பெரிய பட்டைகளுக்கு வேலையில்லை. ஆக, ஹெட்டில் குறைந்த எடைக்காக நீங்கள் சத்தத்தில் பெரிதாக எதையும் விலையாகக் கொடுக்கவில்லை.

முழுக்க ஒன்றுதான் என்றும் சொல்ல மாட்டேன். வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் எல்லையைத் தாண்டும்போது அதன் ஒலி மெல்ல மெல்ல நசுங்கும், அந்த நசுங்கலே காதுக்குச் சத்தம் கூடியதுபோல் இருக்கும். கிளாஸ் டி ஹெட்டில், எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர் குறுக்கே வந்து நிறுத்திவிடுகிறது. பல ஹெட்களில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை உள்ளேயே வெட்டிவிடும் ஃபில்டரும் இருக்கும். 'சத்து இல்லை' என்ற பேச்சில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் பழைய ஹெட் டிரான்சிஸ்டர், வால்வு அல்ல. அதனால் உங்கள் விஷயத்தில் இது சின்னக் காரணம்.

கேபினட் கதை வேறு. அங்கே எடை இரண்டு இடங்களில் குறைகிறது. ஒன்று காந்தம். 1980களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தம், பழைய ஃபெரைட் செய்யும் வேலையை மிகக் குறைந்த எடையில் செய்துவிடும். இது சுத்த லாபம். இன்னொன்று பெட்டியே சின்னதானது. இதற்குக் கட்டணம் உண்டு. ஸ்பீக்கர் வடிவமைப்பாளர்கள் 'ஹாஃப்மனின் இரும்பு விதி' என்று ஒன்றைச் சொல்வார்கள்: பெட்டி சின்னதாக இருப்பது, தாழ்ந்த சுரங்கள் ஆழமாக வருவது, குறைந்த வாட்டில் அதிகச் சத்தம் தருவது, இந்த மூன்றில் இரண்டுதான் ஒரே பெட்டியில் கிடைக்கும். ஜோசஃப் ஆன்டன் ஹாஃப்மன், கேஎல்எச் ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள அந்த 'எச்'. காந்தம் எவ்வளவோ மாறிவிட்டது, மரம் மாறிவிட்டது. இந்த விதி மட்டும் அசையவில்லை.

உங்கள் சின்னப் பெட்டி எதை விட்டுக்கொடுத்தது? பெரும்பாலும் குறைந்த வாட்டில் அதிகச் சத்தம் தரும் குணத்தை. வீட்டில் அது தெரியாது, ட்ரம்ஸ் பக்கத்தில் உட்கார்ந்ததும் தெரிந்துவிடும்.

இப்போது 'புர்ர்' சத்தத்துக்கு வருவோம். உங்கள் ஈ கம்பியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். ஒரு சுரத்தை அதே சத்தத்தில் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே வாசிக்க, ஸ்பீக்கர் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 82 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் அசைந்த கோன், 41-இல் 8 மில்லிமீட்டர் கேட்கும். பேஸ் குமிழைக் கூட்டும்போது சரியாக இந்த இடத்தில்தான் பாரத்தை ஏற்றுகிறீர்கள். துளை வைத்த பெட்டியாக இருந்தால் இன்னொரு சிக்கல்: அது டியூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே போனதும் உள்ளே இருக்கும் காற்று கோனைப் பிடித்து நிறுத்துவதில்லை. கோன் கட்டுப்பாடில்லாமல் ஆடும். அதுதான் 'புர்ர்'. சத்தம் எதுவும் கூடுவதில்லை, ஸ்பீக்கரின் ஆயுள்தான் குறைகிறது.

கணக்கையும் பாருங்கள். 6 டெசிபல் கூட்டினால் ஆம்ப் 4 மடங்கு வாட் தர வேண்டும். 10 டெசிபல் என்றால் 10 மடங்கு. பேஸ் குமிழை முக்கால் பங்கு திருகிவிட்டு, 500 வாட் போதவில்லை என்றால் ஹெட் என்ன செய்யும், பாவம்.

அதுவும் அந்த 500 உங்களுக்குக் கிடைக்கவே இல்லை. அது 4 ஓம் கணக்கு. ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை; அது குறைந்தால்தான் ஹெட் அதிக வாட் தரும். ஒற்றை 8 ஓம் கேபினட் மாட்டினால் 250-லிருந்து 300 வரைதான் வரும். இதோடு இரண்டாவது 8 ஓம் கேபினட்டைச் சேர்த்தால் மொத்தம் 4 ஓம், ஹெட் முழு 500 வாட்டையும் இறக்கும். முதல் கேபினட் முன்பு செய்த அதே வேலையைச் செய்துகொண்டிருக்க, பக்கத்தில் இன்னொன்று அதே அளவு உழைக்கிறது. வாட் இரட்டிப்பானதால் 3 டெசிபல், கோன் பரப்பு இரட்டிப்பானதால் இன்னும் 3. தாழ்ந்த சுரங்களில் மொத்தம் கிட்டத்தட்ட 6 டெசிபல் லாபம். இதே 6 டெசிபலை ஒற்றைக் கேபினட்டில் ஹெட்டை மாற்றி எடுக்க வேண்டுமென்றால் 8 ஓமிலேயே 1000 வாட்டுக்கு மேல் தரும் ஹெட் வேண்டும். அப்படி ஒன்றை வாங்கினாலும் உங்கள் 12 அங்குலம் முதல் பாட்டிலேயே கருகும். 800 வாட் ஹெட் வாங்குவது, கை விசிறியை வேகமாக ஆட்டி மண்டபத்துக்குக் காற்று வரவழைக்கப் பார்ப்பது மாதிரி. பரப்புதான் வேண்டும். 15 அங்குலக் கோனின் பரப்பு 12 அங்குலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். இரண்டு 12 சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். பழைய பெட்டி ஏன் தாராளமாகப் பேசியது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

முதுகுக்கும் இது நல்லது. தலா 12 கிலோ உள்ள இரண்டு பெட்டிகளைக் கைக்கு ஒன்றாகத் தூக்கினால் உடம்பு ஒரு பக்கம் சாயாது. முடியாத நாளில் இரண்டு நடை போகலாம். 40 கிலோ பெட்டியைப் பாதிப் பாதியாகக் கொண்டுபோக வழியில்லை. சின்ன இடமென்றால் ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள்.

பழைய 15 அங்குலத்தைச் சேர்த்து மாட்டலாமா என்றால், கூடாது. 4 ஓமும் 8 ஓமும் சேர்ந்தால் 2.67 ஓம். உங்கள் ஹெட்டின் பின்பக்கம் குறைந்தபட்சம் 4 ஓம் என்று அச்சிட்டிருந்தால் அதற்குக் கீழே போகாதீர்கள். பெரும்பாலும் உடனே எரிந்துவிடாது. நடுக் கச்சேரியில், சூடான பிறகு, அணைந்துவிடும். ஓம் ஒத்துப்போனாலும் வெவ்வேறு மாடல் பெட்டிகளைக் கலப்பது எனக்குப் பிடிக்காது. சில சுரங்களில் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும், சில சுரங்களில் ஒன்றையொன்று தின்றுவிடும். எந்தச் சுரத்தில் என்று மாட்டிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது கேபினட் வரும்வரை, இருப்பதை வைத்தே நிறையச் செய்யலாம். பேஸ் குமிழை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது நடுவுக்குச் சற்றுக் கீழே. 200-லிருந்து 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள தாழ் நடுப்பகுதியை 3 டெசிபல் அளவுக்கு ஏற்றுங்கள். தனியாக வாசித்தால் மூக்கடைத்தது மாதிரி இருக்கும், கவலைப்பட வேண்டாம். ட்ரம்ஸும் கிட்டாரும் சேர்ந்ததும் சுரம் தெளிவாகக் கேட்கும். பேஸ் கிட்டாரில் பெரும்பாலும் அடிச்சுரத்தைவிட அதற்கு ஓர் ஆக்டேவ் மேலே கூடவே ஒலிக்கும் இரண்டாம் ஹார்மோனிக்தான் ஓங்கி இருக்கும், நாம் சுரத்தை அடையாளம் காண்பதும் பெரிதும் அதை வைத்துத்தான். 41 ஹெர்ட்ஸைத் துரத்தி ஓடாதீர்கள், அது உதை ட்ரம்மோடு கலந்து எப்படியும் காணாமல் போகும். வீட்டில் அமைத்த இக்யூ (பேஸ், நடு, உயர் குமிழ்களின் அமைப்பு) மேடையில் ஏன் சொதப்புகிறது என்றால், மெல்லிய சத்தத்தில் நம் காது தாழ்ந்த சுரங்களைச் சரியாகப் பிடிக்காது. ஆகவே வீட்டில் எல்லாரும் பேஸைக் கூட்டித்தான் வைப்போம்.

ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்று கிடைத்தால் வாங்குங்கள், பெடல் வடிவிலும் வருகிறது. 35 அல்லது 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால், காதுக்குக் கேட்காமல் கோனை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த சங்கதிகள் நின்றுவிடும். சின்னக் கேபினட்டில் இன்னும் கொஞ்சம் சத்தம் வைக்க இடம் கிடைக்கும்.

கெயினை (உள்ளே வரும் சிக்னலின் அளவை), பலமாக மீட்டும்போது மட்டும் கிளிப் விளக்கு எப்போதாவது மினுக்கும் அளவுக்கு வையுங்கள். மாஸ்டரை அதன் பிறகு ஏற்றுங்கள். மாஸ்டர் பாதியில் நிற்பதால் பாதி வாட் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல ஹெட்களில் பாதித் திருப்பிலேயே முழு வாட்டும் வந்துவிடும். குமிழ் நிற்கும் இடத்தைப் பார்க்காதீர்கள், லிமிட்டர் விளக்கைப் பாருங்கள்.

அடுத்தது பெட்டி நிற்கும் இடம். இதற்குக் காலணா செலவில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை. உங்கள் கேபினட்டின் முகம் பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். பின்னால் போய் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 2 மீட்டர் கூடுதலாக நடக்கிறது. 86 ஹெர்ட்ஸில் அது சரியாக அரை அலை. திரும்பி வந்த அலை, முன்னால் போகும் அலையை அழித்துவிடும். டி கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் இருக்கும் எஃப் சுரம் 87 ஹெர்ட்ஸ். அதை மட்டும் வாசிக்கும்போது பேஸ் திடீரென்று ஒல்லியாகிவிடும், பக்கத்து ஃப்ரெட்டுகள் பரவாயில்லாமல் இருக்கும். விரல் சரியில்லை, கம்பி சரியில்லை என்று தேடிக்கொண்டிருப்போம். பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளுங்கள். முகம் சுவரிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருந்தால் அந்தப் பள்ளம் 200 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும், அங்கே பாதிப்பு குறைவு. துளை பின்பக்கம் இருக்கும் பெட்டியானால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தாழ்ந்த சுரங்கள் நிரம்பி வழியும் அளவுக்கு மேடைப் பலகை அதிர்ந்தால், அடியில் தடித்த ஃபோம் ஒன்றைப் போடுங்கள்.

ட்ரம்மருக்கு வருவோம். அவர் பெட்டிக்குப் பின்னால் இருந்தால் அவருக்குக் கேட்பது வெறும் உறுமல்தான். பெட்டியை அவருடைய ஹை-ஹாட் (காலால் இயக்கும் இரட்டைத் தட்டு) பக்கம், அவர் முழங்காலுக்கு இணையாகவோ சற்றுப் பின்னாலோ வையுங்கள். உங்களுக்கும் அதே பிரச்சினை உண்டு. பெட்டியின் முகம் உங்கள் முழங்காலைப் பார்க்கிறது; காது ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடு, உயர் பகுதிகள் நேராகத்தான் போகும், ஆகவே உங்களுக்குக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுகிறீர்கள், முன்வரிசை காதைப் பொத்திக்கொள்கிறது. தற்போதைக்குப் பெட்டியைச் சற்று மல்லாத்திச் சாய்த்து வையுங்கள். இரண்டாவது வந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள், பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். மேல் ஸ்பீக்கர் காதுக்குக் கிட்டே வரும், பக்கவாட்டிலும் சத்தம் சீராகப் பரவும்.

ஒன்று கேட்கிறேன், நீங்கள் வாசிக்கும் இடங்களில் பேஸ் பிஏ-வுக்கு (ஹாலுக்கான பொது ஒலிபெருக்கிக்கு) போகிறதா? கடிதத்தில் சொல்லவில்லை. போகிறதென்றால் ஹாலை நிரப்பும் வேலை உங்களுடையதே அல்ல. 1969-இல் ஆம்பெக் எஸ்விடி வந்த காலத்தில் பிஏ பெரும்பாலும் பாட்டுக் குரலுக்குத்தான், பேஸ் மேடையிலிருந்தே கடைசி வரிசைக்குப் போக வேண்டியிருந்தது. 300 வாட் வால்வு ஹெட் மட்டும் சுமார் 38 கிலோ, எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட அதன் கேபினட் 60 கிலோவுக்கு மேல். இன்று டிஐ (ஹெட்டிலிருந்து மிக்ஸருக்கு நேரடியாகப் போகும் வெளியீடு) வழியாக மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டால் மேடைப் பெட்டி உங்களுக்கும் ட்ரம்மருக்குமான மானிட்டர் மட்டுமே. டிஐ பக்கத்தில் ப்ரீ, போஸ்ட் என்று பொத்தான் இருந்தால் ப்ரீயில் வையுங்கள். நீங்கள் மேடையில் குமிழைத் திருகும்போதெல்லாம் ஹாலில் சத்தம் மாறினால் மிக்ஸரில் இருப்பவருக்குக் கோபம் வரும், அது நியாயமான கோபம். இரைச்சல் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். பிளக்கின் எர்த் முள்ளை உடைக்கும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். உயிர் போகும்.

ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் கேபிள்தான், கிட்டார் கேபிள் ஆகாது. அதன் உள்கம்பி மெல்லியது, சூடாகும். ஸ்பீக்கான் முனையை நுழைத்த பிறகு திருகிப் பூட்டுங்கள், பாதி திருகி விட்ட முனைதான் பாட்டு நடுவில் கழன்று வரும். இன்னொன்று, பல கிளாஸ் டி ஹெட்களில் ஸ்பீக்கர் வெளியீட்டின் இரண்டு கம்பிகளிலும் சிக்னல் ஓடுகிறது, எதுவும் கிரவுண்ட் கிடையாது. ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்து இழுத்து வேறு கருவியில் மாட்டும் பழைய வித்தையெல்லாம் இங்கே செல்லாது, ஹெட் போய்விடும்.

எடை குறைந்ததால் வந்த புதுத் தொல்லை ஒன்றும் உண்டு. 20 கிலோ ஹெட் வைத்த இடத்தில் கிடக்கும். 2 கிலோ ஹெட் பேஸின் அதிர்வில் மெல்ல நகர்ந்து, கேபினட் விளிம்பைத் தாண்டி விழும். கிட்டார் கேபிளை யாராவது தட்டினாலும் கூடவே வந்துவிடும். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று போடுங்கள், கேபிளை முதலில் கேபினட் கைப்பிடிக்குள் விட்டு எடுத்து அப்புறம் ஹெட்டில் மாட்டுங்கள். காற்றுத் துளைகள் மேல் துண்டோ பாட்டுத் தாளோ வைக்காதீர்கள். கிட்டார் உறையின் வெளிப் பையில் ஹெட்டைச் செருகிக்கொண்டு போவதாக இருந்தால் நுரை வைத்த சிறு பை ஒன்றில் போட்டுச் செருகுங்கள், படியில் ஒரு இடி இடித்தால் குமிழ்த் தண்டு வளைந்துவிடும்.

பழுதுபார்ப்பவனாக ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். உங்கள் பழைய ஹெட் கெட்டால் டிரான்சிஸ்டரை மாற்றி ஓட்டிவிடலாம். கிளாஸ் டி ஹெட்டில் எல்லாம் பொடிப்பொடியான பாகங்கள், பவர் பகுதி ஒரே பலகை. போனால் பெரும்பாலும் பலகையோடு மாற்ற வேண்டும், அது கிடைத்தால். கச்சேரியன்று போனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் டிஐ வெளியீடு உள்ள ப்ரீஆம்ப் பெடல் ஒன்றைப் பையில் போட்டுவையுங்கள். ஹெட் செத்தாலும் நேராக பிஏ-வுக்குப் போய்விடலாம்.

பழையதை விற்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டாவது 12 வந்து நான்கைந்து மேடை பார்க்கும்வரை பொறுங்கள். அதன் பிறகும் மனசு வராவிட்டால் ஒத்திகை அறையிலேயே போட்டுவைக்கலாம், அங்கே யாரும் அதைத் தூக்கப் போவதில்லை. விற்பதாக இருந்தால் அது 4 ஓம் என்பதை வாங்குபவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள், அவரும் அதோடு ஒரு சின்னக் கேபினட்டைச் சேர்த்து மாட்டிப் பார்ப்பார்.